புதுப்பிப்பு: கோத்தகிரி மனையை வாங்கவில்லை

பிஎஃப் பணத்தை எடுத்து, மியூச்சுவல் ஃபண்டுகளையும் விற்று, கோத்தகிரிக்குக் கீழே 6 சென்ட் மனை வாங்கலாமா என்று சித்திரையில் கேட்டிருந்தேன். விலை 18 லட்சம். அக்கறையோடு பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கவில்லை.

பட்டா, வில்லங்கச் சான்று இரண்டும் சரியாகவே இருந்தன. ஐப்பசி மழை விட்ட மறுநாள் மனைவியோடு போய்ப் பார்த்தேன். மேல்வரப்பின் கல்கட்டு வயிறு தள்ளி நின்றது. கற்களுக்கு நடுவே செம்மண் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்கா, "போன மழைக்கு இது நேராத்தான் இருந்துச்சுங்க" என்றார். அங்கேயே மனசு மாறிவிட்டது.

கணக்கும் ஒத்துவரவில்லை. முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம்: 1,62,000 ரூபாய் முதல் நாளே போய்விடும். மலைப்பகுதியில் வீடு கட்ட வனத்துறை, புவியியல், வேளாண் பொறியியல் துறைகளின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அதுவரை வாடகை வராது. பிஎஃப்போ 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தது.

அப்பா விட்டுப்போன வீடே எங்களிடம் உள்ள நிலச் சொத்து, அது போதும். பிஎஃப்பைத் தொடவில்லை. ஃபண்டுகளில் மாதாமாதம் போடும் எஸ்ஐபியும் ஓடுகிறது. மனைக்கென்று சேர்த்த முன்பணத்தில் பாதியை பிபிஎஃப் என்ற அரசு சேமிப்புத் திட்டத்தில் போட்டேன், ஆண்டு வரம்பு 1.5 லட்சத்துக்குள். மீதி வங்கி எஃப்டியில் இருக்கிறது; தை பிறந்ததும் நம் வீட்டுக் கல்கட்டைப் பலப்படுத்தப் போகிறோம்.