அப்பாவின் மாத்திரை, கால் ஆணிப் பிளாஸ்திரி, ஊட்டித் தைலம்: மூன்றும் ஒன்றா?

கேள்வி:
வணக்கம். இதய மருத்துவர் எழுதிக்கொடுத்த 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை என் அப்பா நான்கு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். கால் ஆணிக்கு வாங்கிய பிளாஸ்திரியின் உறையில் சாலிசிலிக் அமிலம் என்றும், முழங்கால் வலிக்கு உறவினர் ஊட்டியிலிருந்து வாங்கி வந்த விண்டர்கிரீன் தைலத்தில் மெத்தில் சாலிசிலேட் என்றும் அச்சிட்டிருப்பதை நேற்றுதான் பார்த்தேன். மூன்றும் ஒன்றுதான் என்றால், அவர் உடம்பில் அளவு கூடிவிடாதா?

பதில் 1 (வேதியியல் ஆசிரியை):
மூன்றும் ஒரே குடும்பம். ஆனால் ஒரே பொருள் அல்ல. பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதியும் கார்பாக்சில் தொகுதியும் அடுத்தடுத்து அமைந்திருப்பது சாலிசிலிக் அமிலம். அதன் ஹைட்ராக்சில் பக்கத்தில் அசிடைல் தொகுதியை ஏற்றினால் ஆஸ்பிரின். கார்பாக்சில் பக்கத்தை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கினால், நெடி வீசும் அந்தத் தைலம்.

அப்பாவின் இதயத்தைக் காப்பது அந்த அசிடைல் தொகுதிதான். இரத்தம் உறைந்து கட்டியாக உதவும் இரத்தத் தட்டுகளில் உள்ள சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் மீது ஆஸ்பிரின் அதை ஒட்டவைத்துவிடுகிறது. தட்டுகளுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியை ஆக்கிக்கொள்ள வழியின்றி, அவை வாழும் ஏழு முதல் பத்து நாட்களும் அப்படியே முடங்கிக் கிடக்கின்றன. வெறும் சாலிசிலிக் அமிலத்தால் இதைச் செய்ய இயலாது.

மாத்திரையை ஈரம் படாமல் வையுங்கள். ஒருமுறை ஆய்வகத்தில், நெடுநாள் திறந்து கிடந்த புட்டியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தபோது வினிகர் வாடை அடித்தது. கரைத்து, சாலிசிலிக் அமிலம் இருந்தால் ஊதா நிறம் காட்டும் ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டதும் சோதனைக்குழாய் முழுவதும் ஊதாவாக மாறியது. ஈரம் ஆஸ்பிரினைச் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரித்துவிட்டிருந்தது. புது மாத்திரையில் அந்த நிறம் அநேகமாகத் தெரியாது.

பதில் 2 (மருந்தாளுநர்):
வேதியியலை மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது தைலம். கலப்பில்லாத விண்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லியில், ஏறத்தாழ 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் இருபதுக்கும் மேல் விழுங்கியதற்கு அது சமம். குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. தோல் வழியாகவும் அது இரத்தத்தில் கலக்கும் என்பதால், நாள்தோறும் நிறையத் தேய்ப்பதற்கு முன் இதய மருத்துவரிடம் கேளுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர் என்றால் தொடவே வேண்டாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா? கால் ஆணிப் பிளாஸ்திரிகள் பலவற்றில் அமிலம் 40 விழுக்காடு இருக்கும். மரத்துப்போன பாதத்தில் நல்ல தோலையும் அது அரித்துப் புண்ணாக்கினால், அவருக்கு எரிச்சல்கூடத் தெரியாது.

கேட்டவர்:
ஆம், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இதைப் படித்ததும் பிளாஸ்திரியை எடுத்துப் பார்த்தேன். ஆணியைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது, அவரோ வலியே இல்லை என்கிறார். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் காலைக் காட்ட அழைத்துச் செல்கிறேன். தைலத்தைப் பேரன் கைக்கு எட்டாதபடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி.