புதுப்பிப்பு: கிண்டிலில் போட்ட கதைகளுக்குக் காசு வந்ததா?

சிறுகதைகளை அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் போட்டால் வருமானம் வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று சிலர் விசாரித்தார்கள்.

வருகிறது. வேளச்சேரியில் வாடகை கட்டப் போதாது, கரண்ட் பில்லுக்குத் தேறும். விற்பனையைவிட, கிண்டில் அன்லிமிடெட் (சந்தா கட்டிப் படிக்கும் திட்டம்) சந்தாதாரர்கள் படிப்பதில்தான் எனக்கு அதிகம் கிடைக்கிறது. அங்கே பக்கக் கணக்கு. பாதியில் மூடிவிட்டால் பாதிக்குத்தான் காசு. (கறாரான விமர்சகர்தான்!)

மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் திட்டமான கேடிபி செலக்டில் சேர்ந்தால்தான் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி, இல்லையென்றால் 35. ஆனால் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. அதற்காக, இணையத்தில் கதை படிக்கும் தளமான பிரதிலிபியில் இருந்த என் கதைகளை எடுத்தேன். அங்கே வாரம் தவறாமல் கருத்துச் சொன்ன அக்காக்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சுக்கு எந்த ராயல்டியும் ஈடில்லை என்றே தோன்றுகிறது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது.

வரி பற்றிக் கேட்ட தம்பிக்கு: வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுங்கள், அமெரிக்க விற்பனையில் பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகும். பணம், மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் வங்கிக்கு வரும்.