ஸ்ப்ரே டான்: வாடிக்கையாளரின் பாதங்களை எப்படிக் காப்பது?

கேள்வி:
வணக்கம். தோலில் கரைசலைத் தெளித்து, வெயில் பட்டது போன்ற பழுப்பு நிறம் கொடுக்கும் ஸ்ப்ரே டானிங் வேலையைத் தனியாகத் தொடங்கிச் சில மாதங்களே ஆகின்றன. உடம்பில் நிறம் சீராக அமைந்தாலும், மறுநாள் உள்ளங்கால் ஆரஞ்சாகிவிட்டதாகச் சிலர் படம் அனுப்புகிறார்கள். முதலில் துண்டு விரித்து நிற்கச் சொன்னேன். பிறகு கழுவிக் கழுவிப் பயன்படுத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்தேன். சென்ற வாரம் ஒருவர், "இதை எனக்கு முன்னால் யார் போட்டிருந்தார்கள்?" என்று கேட்டபோது எனக்கு நா எழவில்லை. கறையும் தொற்றும் இல்லாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பதில் 1:
கரைசலில் உள்ள டைஹைட்ராக்சிஅசிட்டோன், தோலின் மேலடுக்கிலுள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்துதான் பழுப்பாகிறது. உள்ளங்காலில் அந்த இறந்த செல்களின் அடுக்கு தடித்திருப்பதால் நிறம் அங்கே அப்பிக்கொள்கிறது. பித்தவெடிப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். துண்டோ கீழே படியும் கரைசலை உறிஞ்சி, காலடியிலேயே ஈரமாக வைத்திருக்கும். ஒருபுறம் பசையுள்ள, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பாத அட்டைகளுக்கு மாறுங்கள். ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் அவை ஒட்டாது என்பதால், பாதத்தை நன்றாகத் துடைத்த பிறகே அவற்றின் மேல் நிற்கச் சொல்ல வேண்டும். குதிகால் விளிம்பிலும் விரல் இடுக்கிலும் நகங்களிலும் நிறம் பிடிக்காமல் தடுக்கும் க்ரீமைக் கொஞ்சமாகத் தடவுங்கள். கணுக்கால் வரை இழுத்துவிட்டால் வெளிறிய வளையம் விழும்.

பதில் 2:
மேலே சொன்னது கறைக்குச் சரி; தொற்றுக்கு அது பாதி வழிதான். வேலை முடிந்ததும், கரைசல் தெளிக்கும் கூடாரத்துக்குள்ளேயே அட்டையை உரித்துவிட்டு, பலர் மிதித்த அதே பிசுபிசுத்த தரையில் வெறுங்காலை வைத்தால் அட்டை போட்டு என்ன பயன்? நான் கூடாரத்துக்கு வெளியே புதிய காகித விரிப்பைப் போட்டு, அட்டையோடு அங்கே வந்து நின்ற பிறகே உரிக்கச் சொல்கிறேன். தரையைப் பொறுத்தவரை, சோப்பு நீரால் பிசுக்கை அகற்றாமல் கிருமிநாசினி தெளிப்பது வீண். தெளித்த பின்னும், புட்டியில் குறித்துள்ள நேரம் முழுவதும் தரை ஈரமாக இருக்க வேண்டும். எல்லாக் கிருமிநாசினியும் பூஞ்சையைக் கொல்லாது என்பதால் அதையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். அந்த ரப்பர் செருப்பைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மருவை உண்டாக்கும் வைரஸ் ஆல்கஹாலில் துடைத்தால் எளிதில் ஒழிவதில்லை.

பதில் 3:
தொடங்குமுன் பாதங்களைப் பார்த்துவிடுவது நல்லது. விரல் இடுக்கில் தோல் வெளுத்து உரிந்து சேற்றுப்புண் போலத் தெரிந்தாலோ, வெடிப்பில் இரத்தம் கசிந்தாலோ நான் வேறு நாளுக்கு ஒத்திவைக்கிறேன். நேரில் கேட்டால் சங்கடப்படுகிறார்கள். முன்பதிவுப் படிவத்தில் கேட்டால் தயங்காமல் எழுதுகிறார்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் பசை அட்டை வேண்டாம், ஏனெனில் உரிக்கும்போது தோல் கிழிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று அட்டையைப் பயன்படுத்தினேன். உள்ளங்காலில் கறையே இல்லை. ஆனால் உரிக்கும்போது விளிம்பில் தேங்கியிருந்த ஒரு துளி உருண்டு, பெருவிரலின் பக்கவாட்டில் கோடு போட்டுவிட்டது.

பதில் 1:
உரிப்பதற்கு முன் விளிம்பைச் சுற்றி டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.