யூனியனுக்குள் காஸ்ட்: ‘வகைமாற்றம்’ வேண்டாம், ‘அமர்த்தல்’ சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சி நிரல்மொழிச் சொற்களின் தமிழாக்கம் பற்றி ஒரு யோசனை. அங்கே யூனியன் என்பது பல வகை (டைப்) உறுப்புகள் ஒரே நினைவக இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு; காஸ்ட் என்பது ஒரு மதிப்பை வேறொரு வகையாக எடுத்துக்கொள்ளச் சொல்வது. யூனியனில் உறுப்பாக இல்லாத ஒரு வகையை அதற்குக் காஸ்ட் செய்யப் பார்த்தால் ஜி.சி.சி. என்ற குனு திட்டத்து நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) ஒரு பிழைச்செய்தி காட்டும். அதற்கு ‘ஒன்றிய வகைமாற்றப் பிழை’ என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். யூனியனுக்கு ‘ஒன்றியம்’ இருக்கட்டும். கணக்குப் பாடத்துச் ‘சேர்ப்பு’ வேண்டாம் என்பதே என் கட்சியும். நாலு பைட் இன்ட் (முழு எண்), எட்டு பைட் டபுள் (தசம எண்) இரண்டையும் உறுப்புகளை அடுத்தடுத்து வைக்கும் ஸ்ட்ரக்டில் போட்டால் 64-பிட் கணினியில் பொதுவாகப் பதினாறு பைட் ஆகும் (நடுவில் நாலு பைட் காலி); யூனியனில் எட்டுதான். சேர்த்து வைப்பது ஸ்ட்ரக்ட். யூனியனில் இருப்பது ஒரே நாற்காலி, ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்காரலாம்.

எனக்கு உறுத்துவது ‘வகைமாற்றம்’. 3.7ஐ இன்ட்டுக்குக் காஸ்ட் செய்தால் 3 ஆகிறது. மதிப்பே மாறுவதால் அங்கே ‘மாற்றம்’ பொருந்தும். யூனியனுக்குக் காஸ்ட் செய்யும்போது மதிப்பு மாறுவதே இல்லை. நிரல்பெயர்ப்பி உறுப்புகளின் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. அச்சாகப் பொருந்தும் உறுப்பு இருந்தால் மதிப்பை அதில் வைக்கிறது, இல்லாவிட்டால் பிழை. பத்துக்கு ஏழு பொருத்தம் போதும் என்கிற ஜோசியர் தாராளம் இங்கே கிடையாது.

மேலே சொன்ன யூனியனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட் (டபுளைவிடச் சிறிய தசம எண்) மாறி ஒன்றை அதற்குக் காஸ்ட் செய்தால் பிழை. ஃப்ளோட்டை டபுளாக்குவது சி மொழிக்குச் சாதாரண வேலை, ஆனாலும் இந்த இடத்தில் அதைச் செய்யாது. கேர் (எழுத்து) மாறிக்கும் இதே கதி. ஆனால் ஒற்றை மேற்கோளுக்குள் நேரடியாக ஓர் எழுத்தைப் போட்டால் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் சி மொழியில் அதன் வகையே இன்ட். நான் இதில் அரை மணி நேரம் முழித்திருக்கிறேன். ‘மாற்றம்’ என்று எழுதிவைத்தால், மாற்றித் தரும் என்று நம்பி இன்னும் பலர் முழிப்பார்கள்.

அதனால் என் முன்மொழிவு: ‘ஒன்றியத்தில் அமர்த்தல்’. சரிபார்ப்புக்கு ‘வகைப்பொருத்தம்’. செய்தி இப்படி வரலாம்: “அமர்த்த முடியாது: இந்த வகையில் ஒன்றியத்துக்கு உறுப்பு இல்லை.”

எதிர்வாதமும் தெரியும். எழுதும் முறை காஸ்ட்டினுடையதுதானே, தனிச்சொல் எதற்கு என்பீர்கள். இது சி தரத்திலேயே இல்லாத, குனு சேர்த்துக்கொண்ட வசதி. தரத்தைக் கறாராகப் பார்க்கச் சொல்லும் பெடன்டிக் கொடியைப் போட்டால் எச்சரிக்கை வரும். தரத்துக்குள்ளேயே இருக்க நினைப்பவர்கள் சி99இல் (1999ஆம் ஆண்டுத் தரம்) வந்த கூட்டு மாறிலியில் (காம்பவுண்ட் லிட்டரல்) உறுப்பின் பெயரைச் சொல்லி மதிப்பைத் தருவார்கள். அங்கே ஃப்ளோட் சத்தமில்லாமல் டபுளாகிவிடும். ஆக, மாற்றித் தரும் முறைக்கும் மாற்றாத இந்த யூனியன் காஸ்ட்டுக்கும் நடத்தையே வேறு. ஒரே சொல்லைக் கொடுத்தால் குழப்பம்தான்.

காஸ்ட்டுக்கு ‘வார்ப்பு’ என்று எழுதியவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஐயா, அது இரும்புப் பட்டறைக்கு.

‘அமர்த்தல்’ என்றால் வேலைக்கு ஆள் எடுப்பது போலத் தொனிக்கிறதா? ‘இருத்தல்’ என்று வைத்தால் ‘இரு’ வந்து குழப்பும். வேறு வினைச்சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்