காலி வீதியில் கொழும்பு 4க்கு அடுத்து 6 வருவது ஏன்?

கல்லடிப் பெடியன்:
அடுத்த மாதம் படிப்புக்காக மட்டக்களப்பிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிறேன். மேப்பில் காலி வீதி நேர்கோடாகத்தான் கிடக்கிறது. தபால் வலய எண்படி கொள்ளுப்பிட்டி கொழும்பு 3, பம்பலப்பிட்டி 4, அப்புறம் வெள்ளவத்தை 6. 5 எங்கே? பெயர் ஏன் காலி வீதி? போன தடவை ஒரு சந்தி தள்ளி இறங்கி, பையையும் தூக்கிக்கொண்டு எந்த ஒழுங்கை என்று தெரியாமல் நின்றேன்.

கல்முனை அக்கா:
தம்பி, 5 கடலோரத்தில் இல்லை, உள்பக்கம், ஹவ்லொக் டவுன், கிருலப்பனைப் பக்கம். நமக்குக் கடல் சூரியன் உதிக்கிற பக்கம், அங்கே மறைகிற பக்கம், திசை குழம்புவது அதனால்தான், எனக்கும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான். வடக்கே கொழும்புக் கோட்டைப் பகுதியைப் பார்த்து நின்றால் கடல் இடது கைப் பக்கம். வெள்ளவத்தையில் அந்தப் பக்க ஒழுங்கைகள் மரைன் டிரைவுக்கு இறங்கும், அதைத் தாண்டினால் ரயில் பாதை. பின்னேரம் ஒழுங்கை முனையில் நின்றால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும், ரயில் வந்தால் அலைச் சத்தம் அடங்கிப்போகும். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டியில் வலது பக்கம் டூப்ளிகேஷன் ரோட், போர்டில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்று இருக்கும். புறக்கோட்டையில் 100 அல்லது 101 பஸ் எடுங்கள்.

பழைய வழிப்போக்கன்:
தெற்கே காலி நகரத்துக்குப் போகிற வீதி, அதுதான் பெயர். கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டி முடித்தது 1885இல், அதற்கு முன் பெரிய நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் நின்றன, தபாலும் பயணிகளும் இந்த வழியாகத்தான் கொழும்புக்கு வர வேண்டும். ரயில் காலியைத் தொட்டது 1894இல்தான். வீதியின் வடக்கு முனையில் காலிமுகத்திடல், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1859இல் முடித்தது. அதன் தெற்கு ஓரத்தில் 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டல். முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் திருவிழாச் சமயம் வந்தால் பாருங்கள், செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேர் இதே வீதியால்தான் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு வரும்.

அக்கரைப்பற்று நானா:
ஒன்று விட்டுப்போச்சு. காலி வீதியின் நெடுஞ்சாலை எண் ஏ2. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை போய் வெல்லவாயவில் முடிகிறது. அங்கே அது சேர்வது ஏ4இல், கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் வீதி. அந்த ஏ4தான் பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி மட்டக்களப்பில் முடிகிறது.

கல்லடிப் பெடியன்:
அப்போ எங்கள் கல்லடிப் பாலத்தால் போகிற வீதியா? சின்ன வயதிலிருந்து அதால்தான் பள்ளிக்கூடம் போனேன். நன்றி நானா, நன்றி அக்கா. இந்த முறை கடலைப் பார்த்து இறங்குகிறேன்.