சுகர், வயிறு, பயம்: எங்க அம்மாவுக்கு நடந்தது

அம்மாவுக்கு இருபது வருஷத்துக்கு மேல சுகர். கொஞ்ச காலமா அரை இட்லி உள்ளே போனாலே "வயிறு முட்டிடுச்சு"ன்னு தட்டைத் தள்ளிடுவாங்க. உப்புசம், எதுக்களிப்பு, குமட்டல். கல்யாண வீட்டுக்கே போறதில்ல. பந்தியில வாந்தி வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம். எண்டோஸ்கோபியில புண் எதுவும் இல்ல. ஒரு இடத்துல "எல்லாம் மனசுதான்"னு தூக்க மாத்திரை எழுதி அனுப்பிட்டாங்க. அம்மா அன்னைக்கு ஆட்டோவுல வாயே திறக்கல.

ஒரு ராத்திரி வாந்தியில மத்தியானம் சாப்பிட்ட பீன்ஸ் பொரியல் அப்படியே துண்டு துண்டா வந்துச்சு. புதுசா பார்த்த சர்க்கரை டாக்டர் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். துளி கதிரியக்க மருந்து கலந்த சாப்பாட்டைக் கொடுத்து 4 மணி நேரம் விட்டு விட்டு ஸ்கேன் எடுத்தாங்க. கடைசியில 10 சதவீதத்துக்கு மேல இரைப்பையில தங்கியிருந்தா, இரைப்பை காலியாகுறது தாமதம்னு அர்த்தமாம். அம்மாவுக்கு நிறையவே தங்கியிருந்துச்சு. காஸ்ட்ரோபரேசிஸ், அதாவது இரைப்பை மந்தமாகிற நோய். நாள்பட்ட சர்க்கரையால இரைப்பையை இயக்குற வேகஸ் நரம்பு பழுதாகி வர்றது.

சாப்பிட்ட பிறகு வர்ற படபடப்பு, வியர்வை, கைநடுக்கத்துக்கும் அப்பதான் விடை கிடைச்சுது. இன்சுலின் வேலையை ஆரம்பிச்சிடும், சாப்பாடோ இரைப்பையிலேயே கிடக்கும். அதனால லோ சுகர். அப்புறம் அந்தச் சாப்பாடு மெதுவா குடலுக்கு இறங்கும்போது சுகர் எகிறும். அதே நேரம் கவலையும் பொய் இல்ல. மன அழுத்தத்துல கார்டிசால்ங்கிற ஹார்மோன் கூடி சுகர் ஏறும், சுகர் ஏறினா இரைப்பை இன்னும் மந்தமாகும். வயிறு ஒரு டாக்டர், மனசு ஒரு டாக்டர்னு பிரிச்சு அனுப்பினதுலதான் அம்மா அவ்வளவு அலைஞ்சாங்கன்னு நான் உறுதியா நம்புறேன். உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?

மதுரையிலிருந்து ஒருவர்:
எனக்கு நேர்மாறா வயித்துப்போக்கு. பஸ்ஸுல ஏறவே பயம், பாத்ரூம் இருக்கிற இடம் பார்த்துத்தான் எங்கேயும் போவேன். வேலைக்கு லீவு போட்டு லீவு போட்டு மனசு ரொம்ப ஒடிஞ்சுபோச்சு. நான் எடுக்கிற மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சிலருக்கு இப்படிப் பண்ணும்னு சொல்லி, மெல்லக் கரையுற வகைக்கு டாக்டர் மாத்தினார். வைட்டமின் பி12-ம் குறைஞ்சிருந்துச்சு, மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுத்தா அதுவும் குறையலாமாம், சோர்வும் மனத்தளர்ச்சியும் அதனாலயும் வரும்னாங்க. ஊசி போட்டாங்க. இப்ப பஸ்ஸுலதான் போறேன்.

சேலத்திலிருந்து ஒரு மருமகள்:
மாமியாருக்குக் கால் எரிச்சலுக்காகக் கொடுத்த அமிட்ரிப்டிலின்ங்கிற நரம்பு வலி மாத்திரை வயித்தை இன்னும் மந்தமாக்கிடுச்சு. மனசுக்கோ நரம்புக்கோ மாத்திரை எழுதுறப்ப வயித்துப் பிரச்சினையையும் சொல்லிடுங்க. அக்கா, அம்மாவுக்கு இப்ப சாப்பாடு என்ன கொடுக்கிறீங்க?

பதிவு போட்டவர்:
சுகர்னா கீரை, காய், முழுத்தானியம்னுதானே கேட்டுப் பழகியிருக்கோம்? நார்ச்சத்து இரைப்பையிலேயே தேங்குதுன்னு அம்மாவுக்கு டயட்டீஷியன் அதைக் குறைச்சுட்டாங்க, எண்ணெயையும். குழைஞ்ச இட்லி, ரசம் சாதம், வடிகட்டின சூப், கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை. இன்சுலின் போடுற நேரத்தையும் டாக்டரே மாத்தினார். கூடவே கவுன்சிலிங். சாப்பாட்டு நேரம் வந்தாலே வர்ற பயத்துக்கு அது தேவைப்பட்டுச்சு. ஆனா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற, உங்க டாக்டரைக் கேட்டே மாத்துங்க.