நோட்டர் டாம் உள்ள போக புக்கிங் கட்டாயமாம்ல! யாருய்யா இத கிளப்பி விடுறது

பேக்பேக் பாண்டி:
நேத்து ராத்திரி ஒரு யூடியூப் வீடியோ பாத்து செம கடுப்பு. பாரிஸ் போறவங்களுக்கு டிப்ஸாம். நம்மாளு மூஞ்சிக்கு லைட்டு போட்டு உக்காந்துகிட்டு, "நோட்டர் டாம் சர்ச் உள்ள போக முன்பதிவு கட்டாயம், இல்லன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க, கீழ இருக்கிற லிங்க்ல 30 யூரோவுக்கு டிக்கெட் வாங்கிக்கோங்க"ன்னு கூசாம சொல்றான். யோவ், அது இலவசம்யா. 2019 ஏப்ரல் 15 தீப்பிடிச்சு, 2024 டிசம்பர் 8 மறுபடி திறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் உள்ள போக ஒத்த காசு கிடையாது. புக்கிங் வேணும்னா அவங்களோட சொந்த சைட்லயே ஃப்ரீயா பண்ணலாம், பண்ணலன்னா வரிசைல நின்னு போலாம், அவ்ளோதான். அந்த லிங்க்ல இவனுக்கு கமிஷன் வரும், அதுக்கு நம்ம ஜனம் 30 யூரோ அழணுமா?

ஊர்சுற்றி குமரன்:
பாண்டி சார், 30 யூரோ அநியாயம்தான், அதுல சண்டை இல்ல. ஆனா புக்கிங் கட்டாயம்ங்கிறது சரிதான். நான் ஜூலைல குடும்பத்தோட போனேன், வரிசை அந்த முன்வாசல் மைதானம் முழுக்க பாம்பு மாதிரி வளைஞ்சு கிடந்துச்சு, நிழல் கிடையாது, கைல குழந்தை. நாங்க முந்தின நாளே ஸ்லாட் போட்டிருந்ததால தனி வழில கடகடன்னு உள்ள போயிட்டோம். புக்கிங் இல்லாம போங்கன்னு நீங்க சொல்றத நம்பி யாராவது வயசான அம்மா அப்பாவ கூட்டிட்டு போயி வெயில்ல நின்னா பாவம் யாருக்கு?

லாச்சப்பல் ராசன்:
தம்பி குமரன், நான் இஞ்ச பாரிஸ்லதான் கனகாலமா இருக்கிறன், எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பல்ல இருந்து நடந்து போனாலும் போயிடலாம் அந்தக் கோயிலுக்கு. ஊரிலயிருந்து வாற சொந்தக்காரர் எல்லாரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போறனான். ஒருக்காலும் புக்கிங் போட்டதில்லை, ஒருத்தரும் என்னைத் திருப்பி அனுப்பினதும் இல்லை. கட்டாயம் இல்லை. விடிய எட்டு மணிக்குள்ள போங்கோ, சனமே இருக்காது, கிழமை நாள்ல 7.50க்கே கதவு திறப்பினம். இல்லாட்டி வியாழக்கிழமை பின்னேரம் போங்கோ, அண்டைக்கு மட்டும் இரவு பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். உங்களுக்கு நித்திரை விட்டு எழும்ப ஏலாது எண்டதுக்காக கட்டாயம் எண்டு சொல்லாதையுங்கோ.

ஊர்சுற்றி குமரன்:
முதல்ல நான் உங்களுக்கு தம்பி இல்ல. ரெண்டாவது, பக்கத்து தெருவுல இருக்கிறவருக்கு எட்டு மணி சரி, இன்னிக்கு விட்டா நாளைக்கு போவீங்க. பத்து மணிநேரம் ஃப்ளைட்ல வந்து ரெண்டு நாள்ல லூவ்ர், ஈஃபில், வெர்சாய் எல்லாம் ஓடி ஓடி பாக்கிறவன் என்ன பண்ணுவான்? அவனுக்கு கட்டாயம்தான்.

பேக்பேக் பாண்டி:
அவனுக்கு வசதி, கட்டாயம் இல்ல. அந்த சைட்லயே போட்டிருக்கான் சார், ரிசர்வேஷன் பண்றது உங்க இஷ்டம்னு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும், ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி தரவா?

சித்ரா சிங்கை:
ஒரு சின்ன சந்தேகம், நாங்க சார்ல் த கோல் ஏர்போர்ட்ல இருந்து நேரா அங்க போலாம்னு இருக்கோம், பெட்டிய எங்க வைக்கிறது? உள்ள லாக்கர் இருக்கா?

பழைய பெருச்சாளி:
எல்லாரும் உள்ள போறதையே பேசுறீங்க, மேல ஏறுறத பத்தி ஒரு வார்த்தை இல்ல. கோபுரத்துக்கு 387 படி, லிஃப்ட் கிடையாது, முட்டி வலி இருக்கிறவங்க ஆசைப்படாதீங்க. மேல போனா 850 வருஷத்து கார்காயில் பூதங்களை கிட்ட நின்னு பாக்கலாம்.

லாச்சப்பல் ராசன்:
பெருச்சாளி ஐயா, 387 எண்டது பழைய கதை. கோபுரம் 2025 செப்டம்பர் 20 தான் திரும்பத் திறந்தது, வழியே மாத்திப்போட்டாங்கள், இப்ப 424 படி. டிக்கெட் 16 யூரோ. அதுக்குத்தான் புக்கிங் கட்டாயம், கோயிலுக்கு இல்லை. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பினதாலதான் அந்த யூடியூப் பெடியன் அப்பிடி உளறுறான், குமரனும் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். பிறகு, மேல நாடியில கை வச்சுக்கொண்டு இருக்கிற அந்தப் பூதங்கள் 850 வருசம் ஒண்டும் இல்லை, வியோலே லெ டூக் எண்ட ஆள் 19ஆம் நூற்றாண்டில திருத்த வேலை செய்யேக்க வச்சது. தண்ணி துப்புற பீலி வேற, சும்மா குந்திக்கொண்டு இருக்கிற பூதம் வேற. 1163ல கல்லு வச்சது எண்டதுக்காக அதில இருக்கிற எல்லாத்துக்கும் 850 வயசு போடேலாது. எரிஞ்சு விழுந்த ஊசிக்கோபுரமும் அந்த ஆள் கட்டினதுதான், இப்ப அதே மாதிரி 96 மீட்டருக்குத் திரும்பக் கட்டியிருக்கினம்.

பழைய பெருச்சாளி:
நான் போனப்ப 387 தான். போர்டுல போட்டிருந்தான்.

லாச்சப்பல் ராசன்:
நீங்கள் எப்ப போனனீங்கள்? நெருப்புக்கு முன்னமோ பின்னமோ?

பழைய பெருச்சாளி:
எப்ப போனா என்ன, கல்லு படி தானா குட்டி போடுமா?

ஊர்சுற்றி குமரன்:
ராசன், நான் கோபுரத்தையும் சர்ச்சையும் குழப்பல, எனக்கும் படிக்க தெரியும். அப்படின்னா அவங்க எதுக்கு புக்கிங் சிஸ்டமே வச்சிருக்காங்க? நிஜமாவே தேவையில்லன்னா வச்சிருக்கவே மாட்டாங்கல்ல. திருப்பதில தர்ம தரிசனம் ஃப்ரீதான், அதுக்காக டோக்கன் இல்லாம போங்கன்னு வர்ற சொந்தக்காரங்ககிட்ட சொல்வீங்களா?

பேக்பேக் பாண்டி:
திருப்பதில கூண்டுக்குள்ள உக்காரணும் சார், இங்க வரிசை நடந்துகிட்டே இருக்கும். நானே மத்தியானம் போயி நின்னேன், பெருசா நேரமே ஆகல. ஜூலைல வரிசைல நிக்காமயே வரிசைய பத்தி கிளாஸ் எடுக்கிறது நீங்க ஒருத்தர்தான்.

ஊர்சுற்றி குமரன்:
நிக்கல, ஏன்னா புக் பண்ணியிருந்தேன். அதத்தான சொல்லிட்டு இருக்கேன்!!

லாச்சப்பல் ராசன்:
சரி, அந்த புக்கிங்கின்ர லட்சணத்தையும் சொல்லுறன் கேளுங்கோ. ஒரு மாசத்துக்கு முன்னம் எல்லாம் போடேலாது, அண்டைக்கும் அடுத்த ரெண்டு நாளைக்கும் மட்டும்தான் திறப்பான், பாரிஸ் நேரம் நடுச்சாமத்தில. பிந்தினா சிலவேளை எல்லாம் முடிஞ்சுது எண்டு காட்டும். உடனே எங்கட ஆக்கள் பயந்துபோய் கூகிள்ல தேடி 30, 40 எண்டு விக்கிற ஆக்களிட்ட விழுறது. அவங்கள் விக்கிறது வெளியால நிண்டு கதை சொல்லுற கைட், உள்ளுக்குப் போற டிக்கெட் இல்லை. கட்டாயம் எண்டு பயப்படுத்திறதாலதான் இந்தக் கொள்ளையே நடக்குது. 2024ல கலாசார மந்திரி ரஷீதா தாதி 5 யூரோ வாங்குவம் எண்டு கேட்டவ, கத்தோலிக்கத் திருச்சபை ஏலாது எண்டு சொல்லிப்போட்டுது. கட்டிடம் அரசாங்கத்தின்ர, பாவிக்கிறது திருச்சபை, 1905 ஆம் ஆண்டுச் சட்டப்படி கோயில் பாக்க வாற சனத்திட்ட காசு வாங்கேலாது. மந்திரி கேட்டே கிடைக்காத காசை உங்கட யூடியூப்காரன் வாங்கிறான் எண்டா ஆள் கெட்டிக்காரன்தான்.

ஊர்சுற்றி குமரன்:
அது "என்" யூடியூப்காரன் இல்ல. கட்டுரை எழுதுறத விட்டுட்டு நேரா சொல்லுங்க, ஆகஸ்ட் மத்தியானம் உங்க அம்மாவ புக்கிங் இல்லாம கூட்டிட்டு போவீங்களா மாட்டீங்களா?

லாச்சப்பல் ராசன்:
கூட்டிக்கொண்டு போனனான். ஆனா மத்தியானம் ஏன் போகவேணும், பூசைக்குப் போனனாங்கள். பூசைக்குப் போறதுக்கு உந்த புக்கிங் ஒண்டும் தேவையில்லை. அந்த எண்ணாயிரம் குழாய் ஆர்கனை ஒரு பூசையில இருந்து கேட்டுப் பாருங்கோ, பிறகு செல்ஃபி எடுக்கவே மனம் வராது. அண்டைக்கு லூவ்ர் திங்கக்கிழமை பூட்டு எண்டு ஒரு பிள்ளைக்குப் பிழையாச் சொன்ன ஆளும் நீங்கள்தானே குமரன்? அது செவ்வாய்க்கிழமை. அந்தப் பிள்ளை வெறுங்கையோட திரும்பினது.

ஊர்சுற்றி குமரன்:
ஆஹா, எங்க இருந்து எங்க போறீங்க. அது பழைய த்ரெட், அதுல நான் சொன்னத நீங்க முழுசா படிக்கல. இதுவும் அப்படித்தான்.

பேக்பேக் பாண்டி:
செவ்வாய் சார். முழுசா படிச்சாலும் செவ்வாய்தான்.

சித்ரா சிங்கை:
பெட்டி??

லாச்சப்பல் ராசன்:
தங்கச்சி, பெட்டியோட போகாதையுங்கோ, சூட்கேஸ் உள்ளுக்கு விடமாட்டினம், வைக்கிறதுக்கும் அங்க இடம் இல்லை. ஏர்போட்டில இருந்து ஆர்இஆர் பி ரயில் எடுத்து கார் து நோர்ல இறங்கி, அங்க ஸ்டேசன் லாக்கரில வச்சுட்டு, 4ஆம் நம்பர் மெட்ரோவில சித்தே ஸ்டேசனுக்குப் போங்கோ, மாறத் தேவையில்லை. வரேக்க கார் து நோர் பக்கத்திலதான் லாச்சப்பல், ஒரு தோசையும் சாப்பிடலாம். ஏசுவின்ர தலையில வச்சது எண்டு சொல்லுற முள்முடியைப் பாக்க விருப்பம் எண்டா மாதத்தின்ர முதல் வெள்ளி பின்னேரம் பாத்துப் போங்கோ. புக்கிங் போடாட்டியும் பரவாயில்லை.

ஊர்சுற்றி குமரன்:
சித்ரா மேடம், புக்கிங் போட்டுட்டு போங்க. தயவுசெஞ்சு.

பேக்பேக் பாண்டி:
போடாம போங்க சித்ரா. ஆனா உள்ள போனா செவுரு எல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கும், நேத்து கட்டுன கல்யாண மண்டபம் மாதிரி. எனக்கு அந்த பழைய கருப்பு படிஞ்ச சர்ச்சுதான் பிடிச்சிருந்துச்சு, இது சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல.

லாச்சப்பல் ராசன்:
பாண்டி, கருப்பு எண்டது மெழுகுதிரிப் புகையும் ஊத்தையும். கல்லின்ர நிறமே இப்ப தெரியிற வெளிர் நிறம்தான். ரெண்டாயிரம் ஓக் மரம் தறிச்சு, கோடாலியால செதுக்கிக் கூரை போட்டு, மேல கீழ எல்லாம் கழுவித் துடைச்சு வச்சிருக்கிறாங்கள், உங்களுக்கு ஊத்தைதான் வேணுமோ?

பேக்பேக் பாண்டி:
அண்ணே, புக்கிங் விஷயத்துல உங்க பக்கம் நின்னதுக்கு எனக்கே திட்டா? ரசனைன்னு ஒன்னு இருக்குல்ல.

ஊர்சுற்றி குமரன்:
இப்ப தெரியுதா பாண்டி, அவர் கூட யாரும் பேச முடியாது.

பழைய பெருச்சாளி:
பழைய ஆல்பத்த தேடி எடுத்துட்டேன். டிக்கெட் பின்னாடி 387ன்னு நானே பேனால எழுதி வச்சிருக்கேன். 1998.

லாச்சப்பல் ராசன்:
424.